கேள்வி–பதில்: புரோகிராம் சரியென்று நிரூபிப்பதே தொழிலாக

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி சாஃப்ட்வேர் வெரிஃபிகேஷன் ஆய்வைப் பற்றியவை. ‘சரிபார்ப்பு’ என்ற சொல் அச்சுப்பிழை திருத்துவதிலிருந்து சான்றிதழை ஒத்துப்பார்ப்பது வரை எல்லா வேலைக்கும் ஓடுகிறது. அதனால் இங்கே வெரிஃபிகேஷன் என்றே வைத்துக்கொள்கிறோம். ஒரு புரோகிராம் சொன்னபடி நடக்கும் என்பதை, சில உள்ளீடுகளை ஓட்டிப் பார்த்து நம்பாமல், கணித நிரூபணத்தால் காட்டுவதுதான் அது.

கேள்வி: இளநிலை கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். இந்தத் துறையில் பிஎச்.டி. செய்ய ஆசை. கணக்கில் சுமார்தான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எந்தக் கணக்கில் சுமார் என்பதைப் பொறுத்தது. இன்டெக்ரல் போடத் தடுமாறுகிறவர் என்றால் கவலையில்லை. கணிதத் தொகுத்தறிதல் பிடிபடவில்லை என்றால்தான் கவலை, ஏனென்றால் இங்கே முக்கால்வாசி வேலை அதுதான். அதற்கு மேல் தர்க்கம், ஆட்டோமேட்டா (நிலை மாறும் இயந்திர மாதிரிகள்), கம்ப்யூட்டபிலிட்டி (எதைக் கணக்கிட முடியும், எதை முடியாது என்ற ஆய்வு) ஆகிய மூன்றும் அடித்தளம். லாட்டிஸ், ஃபிக்ஸ்டு பாயின்ட் என்ற இரண்டு கணிதக் கருத்துகளையும் பிறகு படித்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு சிறு பயிற்சி. அ என்ற எண்ணை ஆ என்ற எண்ணால், கழித்துக் கழித்தே வகுக்கும் புரோகிராம். ஈவு 0, மீதி அ என்று தொடங்குகிறது. மீதி ஆ-வுக்குக் குறையாமல் இருக்கும்வரை, மீதியிலிருந்து ஆ-வைக் கழித்து ஈவில் 1 கூட்டுகிறது. 1969-இல் டோனி ஹோர் தன் புகழ்பெற்ற பேப்பரில் எடுத்துக்கொண்ட உதாரணமும் இதுவே. 17-ஐ 5-ஆல் வகுத்தால் ஈவும் மீதியும் இப்படி நகரும்: 0, 17, பிறகு 1, 12, பிறகு 2, 7, கடைசியில் 3, 2. எந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தாலும் ஈவு × 5 + மீதி = 17. சுற்றுக்குச் சுற்று எண்கள் மாறினாலும் இந்தக் கூற்று மாறவில்லை. இதுதான் லூப் இன்வேரியன்ட், அதாவது சுற்றின் மாறாக் கூற்று.

இதை மூன்று இடத்தில் சோதியுங்கள். லூப்புக்குள் நுழையும்போது: 0 × ஆ + அ = அ, சரி. ஒரு சுற்று ஓடியபின்: (ஈவு + 1) × ஆ + (மீதி − ஆ) என்பதை விரித்தால் பழைய ஈவு × ஆ + மீதியே கிடைக்கிறது, சரி. வெளியே வரும்போது: லூப் நின்றுவிட்டதால் மீதி ஆ-வைவிடச் சிறியது. ஆக வகுத்தல் முடிந்தது என்று பேனாவை மூடிவிடுவார்கள் பலர். அங்கேதான் வழுக்கும். ஈவு 4, மீதி −3 என்று வைத்தாலும் 4 × 5 − 3 = 17 தானே? ‘மீதி ≥ 0’ என்பதும் இன்வேரியன்ட்டில் சேர்ந்தால்தான் முடிவு கிடைக்கும். அதைச் சேர்த்ததும், தொடக்கத்தில் அ எதிர்ம எண்ணாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை தானாக வந்து நிற்கும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஆ = 0 என்று வையுங்கள். மேலே செய்த நிரூபணம் அப்படியே செல்லும், ஆனால் மீதி குறையவே குறையாது, லூப் நிற்காது. நாம் நிரூபித்தது ‘நின்றால் விடை சரி’ என்பதை மட்டும். நிற்கும் என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும். சுழியத்துக்குக் கீழே போகாத ஏதோ ஓர் எண் சுற்றுதோறும் குறைகிறது என்று காட்டுவது வழக்கம். இங்கே அது மீதி, அதற்கு ஆ > 0 வேண்டும்.

இதைக் கையால் செய்தபின், புரோகிராமோடு அதன் நிரூபணத்தையும் சோதிக்கும் டாஃப்னி என்ற மொழியில் எழுதிப் பாருங்கள். ‘மீதி ≥ 0’ வரியை வேண்டுமென்றே எடுத்துவிட்டால் என்ன சொல்லி முறைக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு மாதம் அதில் பழகியபின் லீன் அல்லது ராக் (2025 வரை காக் என்று அழைக்கப்பட்டது) போன்ற, நிரூபணத்தைக் கணினியிலேயே எழுதிச் சரிபார்க்கும் டூல் பக்கம் போகலாம். முதலிலேயே ராக்கில் குதித்து, இரண்டாவது வாரம் ஓடிப்போகிறவர்கள் அதிகம்.

கேள்வி: ஒரு புரோகிராம் நிற்குமா என்று பொதுவாகக் கண்டுபிடிக்க முடியாது என 1936-இலேயே டியூரிங் காட்டிவிட்டார். பிறகு இந்தத் துறைக்கு என்ன வேலை?

பதில்: எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும், மனித உதவி இல்லாமல், தவறே இல்லாமல், எப்போதும் ஒரு முடிவைச் சொல்லும் வழிமுறை கிடையாது என்றுதான் அவர் காட்டினார். புரோகிராமின் நடத்தை பற்றிய அற்பமல்லாத எந்தக் கேள்விக்கும் இது பொருந்தும் என்று 1953-இல் ரைஸ் விரித்தார். இந்த நிபந்தனைகளில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் வழி திறக்கும். யார் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தக் கூடாரம் என்று சொல்லிவிடலாம்.

மனித உதவி வேண்டும் என்று ஒப்புக்கொள்வோர் புரூஃப் அசிஸ்டன்ட் (மனிதர் எழுதும் நிரூபணத்தைச் சரிபார்க்கும் டூல்) பக்கம். எஸ்.இ.எல்.4 என்ற மைக்ரோகெர்னலை (இயங்குதளத்தின் மிகச் சிறிய உட்கரு) 2009-இல் நிரூபித்து முடித்தபோது, சுமார் 8,700 வரி சி கோடுக்கு ஏறக்குறைய 2 லட்சம் வரி நிரூபணம் எழுத வேண்டியிருந்தது. பொய் எச்சரிக்கை வந்தாலும் பரவாயில்லை, உண்மைப் பிழை ஒன்றும் தப்பக் கூடாது என்போர் அப்ஸ்ட்ராக்ட் இன்டர்ப்ரிடேஷன் (துல்லிய மதிப்புகளுக்குப் பதில் தோராய வரம்புகளை வைத்து ஆராய்வது) பக்கம். பாட்ரிக் கூசோ, ராதியா கூசோ இணையர் 1977-இல் தொடங்கிவைத்த வழி இது. இதன்மேல் கட்டிய ஆஸ்த்ரே என்ற டூல், ஏர்பஸ் ஏ340-இன் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ரன்டைம் பிழை (ஓடும்போது வரும் பிழை) இல்லை என்று 2003-இல் காட்டியது. புரோகிராம் இருக்கக்கூடிய நிலைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் துழாவுவோர் மாடல் செக்கிங் பக்கம். எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன், ஜோசப் சிஃபாகிஸ் மூவருக்கும் 2007-ஆம் ஆண்டின் டியூரிங் விருது இதற்காகத்தான். அவர்களுடைய தலைவலி நிலைப்பெருக்கம்: வெறும் 30 ஆம்–இல்லை மாறிகள் இருந்தால் 107 கோடிக்கு மேல் நிலைகள். முதல் இத்தனை சுற்று மட்டும் பார்ப்பேன் என்போர் பவுண்டட் மாடல் செக்கிங். பிழை பிடிக்க அருமையான கருவி, ஆனால் அந்த எல்லைக்கு அப்பால் எதையும் உறுதி சொல்லாது.

ஒரு கொசுறு: முடியாது என்று நிறுவிய அதே டியூரிங், 1949-இல் கேம்பிரிட்ஜ் மாநாடு ஒன்றில், ஃபேக்டோரியல் கணக்கிடும் ஒரு புரோகிராம் சரி என்பதை எப்படிப் படிப்படியாகச் சரிபார்க்கலாம் என்று மூன்று பக்கத்தில் எழுதிக் காட்டினார்.

கேள்வி: நிரூபித்த புரோகிராமிலும் பிழை வருகிறதே, ஏன்?

பதில்: நிரூபணம் ஏதோ சில அனுமானங்களின் மேல் நிற்கிறது. அனுமானம் சரிந்தால் மேலே உள்ளதும் சரியும். வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாக்கித் தேடும் பைனரி சர்ச் எல்லோரும் அறிந்தது. கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு இடம். கணித முழு எண்களில் இது சந்தேகமில்லாமல் சரி. 32 பிட் எண்ணுக்கோ உச்சம் 214,74,83,647. வரிசையில் 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால் கூட்டல் அதைத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடும், எதிர்ம இடத்தில் எட்டிப்பார்த்த புரோகிராம் விழும். ஜாவாவின் நூலகத்திலேயே இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்து 2006-இல் வெளியே தெரிந்தது. கீழ் எல்லையோடு, இரண்டு எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கூட்டினால் தீர்ந்தது.

எதிர்த்திசை உதாரணமும் உண்டு. ஜாவா, பைத்தான் இரண்டும் பயன்படுத்திய டிம்சார்ட் வரிசையாக்கத்தை நிரூபிக்க 2015-இல் ஒரு குழு உட்கார்ந்தது. இன்வேரியன்ட் பொருந்தவே மறுத்தது. தோண்டியதில், கோடிலேயே உண்மையான பிழை. நிரூபணம் முரண்டு பிடித்தால், டூலைத் திட்டுவதற்கு முன் கோடைச் சந்தேகியுங்கள்.

உங்கள் பேப்பரில் ஒரு பத்தியை இதற்கென்றே ஒதுக்குங்கள்: எண்களை எப்படி எடுத்துக்கொண்டோம், மெமரியை எப்படி, எந்தக் கம்பைலரை (புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) நம்புகிறோம், பல திரெட் ஓடினால் என்ன நினைத்துக்கொண்டோம். அந்தப் பத்தி இல்லாவிட்டால் ரிவ்யூவில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். இதற்கு அளவுகோலாக 2011-இன் சிஸ்மித் ஆய்வைச் சொல்லலாம். தானாகப் புரோகிராம்களை உருவாக்கிக் கம்பைலர்களைச் சோதித்ததில் 325-க்கு மேற்பட்ட புதிய பிழைகள் பல கம்பைலர்களில் கிடைத்தன. சேவியர் லெராய் குழு நிரூபணத்தோடு எழுதிய காம்ப்செர்ட் கம்பைலரிலும் சில கிடைத்தன. ஆனால் அவை நிரூபிக்கப்படாத பகுதிகளில் இருந்தன. நிரூபித்த நடுப்பகுதியில் தவறான கோடு எதுவும் அவர்களுக்கு அகப்படவில்லை. எது நிரூபிக்கப்பட்டது என்ற எல்லைக்கோடு தெளிவாகப் போடப்பட்டிருந்ததால்தான் இந்த ஒப்பீட்டையே செய்ய முடிந்தது.

கேள்வி: பிஎச்.டி. வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பெயரைப் பார்க்காமல் கடைசி ஐந்து ஆண்டுப் பேப்பர்களைப் பாருங்கள். அவருடைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐரோப்பாவில் 3 முதல் 4, அமெரிக்காவில் 5 முதல் 6 ஆண்டுகள் சாதாரணம். தற்போதைய மாணவர் ஒருவரிடம், வழிகாட்டி இல்லாத நேரத்தில், அரை மணி நேரம் பேசுங்கள்.

தேற்றக் குழு, டூல் குழு என்று இரண்டு ஜாதி உண்டு. டூல் குழுவில் சேர்ந்தால் முதல் ஆண்டு வேறு யாரோ எழுதிய பார்சரைத் துடைத்துக்கொண்டிருக்க நேரலாம். எத்தனை மாதம் பழைய கோடைப் பராமரிக்க வேண்டியிருக்கும் என்று நேராகவே கேளுங்கள். தேற்றக் குழுவில் ஆபத்து வேறு: இரண்டு ஆண்டு துரத்திய கேள்வி தீர்மானிக்க முடியாதது என்று முடியலாம். அதுவும் ஒரு தேற்றம்தான், வெளியிடலாம். ஆனால் தீசிஸில் அடுத்த அத்தியாயத்துக்கு வேறு கைப்பொருள் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கே பேப்பர் போடுவது? டூல் பேப்பர்களில் ஆர்ட்டிஃபாக்ட் கேட்கிறார்களே, அது என்ன?

பதில்: இந்தத் துறையில் ஜர்னலைவிட மாநாட்டுக்கு மதிப்பு அதிகம். இதை வேறு துறைக்காரர்கள் இருக்கும் தேர்வுக் குழுவுக்கு ஒரு வரியில் விளக்கிவைப்பது நல்லது. மொழிக் கோட்பாட்டோடு ஒட்டியது என்றால் பாப்பிள் (1973 முதல்), தர்க்கம் என்றால் லிக்ஸ் (1986), வழிமுறையும் டூலும் சேர்ந்தது என்றால் சி.ஏ.வி. (1989), டகாஸ் (1995). தூய கோட்பாட்டுப் பேப்பரில் ஆசிரியர் பெயர் அகரவரிசையில் வரும். டூல் பேப்பரில் வேலை அதிகம் செய்தவர் முதலில் வரும் வழக்கமும் உண்டு. எழுதத் தொடங்கும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தபின் பேசினால் மனக்கசப்புதான்.

ஆர்ட்டிஃபாக்ட் என்பது, பேப்பரில் உள்ள அட்டவணையை மற்றவர் மறுபடி எடுத்துப்பார்க்கத் தேவையான எல்லாம் அடங்கிய மூட்டை: டூல், பெஞ்ச்மார்க் (ஒப்பிட்டுச் சோதிக்கும் புரோகிராம் தொகுப்பு), ஓட்டும் ஸ்கிரிப்ட், விளக்கம். இது எங்கே கவிழும் என்றால், பெரும்பாலும் அற்ப இடங்களில்தான். ஸ்கிரிப்ட்டில் உங்கள் ஹோம் டைரக்டரியின் முழுப் பாதை எழுதியிருக்கும். பில்டு செய்யும்போது நெட்டிலிருந்து ஒரு பேக்கேஜை இழுக்கும், சோதிப்பவரின் கம்ப்யூட்டரில் நெட் இருக்காது. சால்வரின் (தர்க்கச் சூத்திரங்களைத் தீர்க்கும் டூல்) பதிப்பு எண்ணைக் கட்டிவைத்திருக்க மாட்டீர்கள், புதிய பதிப்பில் விடை ‘தெரியாது’ என்று மாறிவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் 64 ஜி.பி. மெமரி, பார்ப்பவரிடம் 16.

நாங்கள் சொல்லும் முறை: பத்து நிமிடத்தில் முடியும் சின்னச் சோதனை ஒன்று, அதன் எதிர்பார்க்கும் வெளியீடு எழுத்துக்கு எழுத்து. பிறகு முழு ஓட்டம், அதற்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு மெமரி என்ற குறிப்பு. எந்தக் கட்டளை எந்த அட்டவணையைத் தரும் என்று வரிசையாக எழுதுங்கள். அனுப்பும் முன் குழுவில் இல்லாத ஒருவரின் கம்ப்யூட்டரில், நெட்டைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள், கடைசி இரவு வேண்டாம்.

பெஞ்ச்மார்க் பற்றி ஒன்று. 2012 முதல் டகாஸுடன் சேர்ந்து நடக்கும், வெரிஃபிகேஷன் டூல்களுக்கான எஸ்.வி.காம்ப் போட்டியின் மதிப்பெண் முறையைப் பாருங்கள். புரோகிராம் சரி என்று சரியாகச் சொன்னால் 2. பிழை உள்ளது என்று சரியாகச் சொன்னால் 1. தெரியாது என்றால் 0. பிழையே இல்லாத இடத்தில் பிழை என்று சொன்னால் −16. பிழையுள்ள புரோகிராமைச் சரி என்று சொன்னால் −32. பேப்பருக்கும் இதே கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம். ‘நேரம் போதவில்லை’ என்ற வரிகள் அட்டவணையில் இருந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மறைத்ததாகத் தெரிந்தால் அந்தப் பேப்பர் அங்கேயே முடிந்தது.

கேள்வி: வெளியான என் பேப்பரில் ஒரு லெம்மா (துணைத் தேற்றம்) தவறு என்று இப்போது தெரிகிறது. வேலை தேடும் நேரம். என்ன செய்வது?

பதில்: முதலில் எதிர் உதாரணத்தை மிகச் சிறியதாகச் சுருக்கி எழுதுங்கள். லெம்மாவின் கூற்றே தவறா, நிரூபணம் மட்டும் தவறா என்பது அதில் தெரியும். அடுத்து, அந்த லெம்மாவின் மேல் நிற்கும் தேற்றங்களைக் குறித்துப் பாருங்கள். பல நேரம் ஒரு கூடுதல் நிபந்தனை சேர்த்தால் முக்கியத் தேற்றம் பிழைத்துக்கொள்ளும். பிறகு இணை ஆசிரியர்களுக்கு. அதன்பின் திருத்தக் குறிப்பை உங்கள் பக்கத்திலும், பதிப்பாளர் ஏற்றால் அங்கேயும் போடுங்கள். அந்தத் தேற்றத்தை எடுத்தாண்டவர்களுக்கு ஒரு கடிதம். டூலும் பாதிக்கப்பட்டால் புதிய பதிப்பில் அதைச் சொல்லுங்கள்.

வேலை கிடைக்காதே என்ற பயம் புரிகிறது. பிழையை நீங்களே சொன்னால் அது ஒரு திருத்தம், அடுத்தவர் சொன்னால் அவருக்கு ஒரு பேப்பர். நெட்வொர்க்கில் இருவர் ஒருவரையொருவர் அடையாளம் உறுதிசெய்ய 1978-இல் வந்த நீடம்–ஷ்ரோடர் நெறிமுறையில் ஒளிந்திருந்த தாக்குதல் வழியை 1995-இல் கேவின் லோ வெளியிட்டார், மறு ஆண்டு மாடல் செக்கரைக் கொண்டும் அதைக் காட்டினார். பல கணினிகளில் பரவிக் கிடக்கும் தகவலைத் தேட 2001-இல் அறிமுகமான கார்டு நெறிமுறை நிரூபிக்கத்தக்க அளவில் சரியானது என்று சொல்லப்பட்டது. சிறிய மாடல்களை எழுதிப் பார்த்த பமேலா சேவ், வெளியான எந்தப் பதிப்பும் சரியில்லை என்று 2012-இல் காட்டினார்.

கேள்வி: ஏ.ஐ. நிரூபணம் எழுதத் தொடங்கிவிட்டதே. இனி இதில் ஆய்வுக்கு இடம் உண்டா?

பதில்: நிரூபணத்தை யார் எழுதினார் என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. லீன், ராக் போன்றவற்றில் கடைசியாகச் சரிபார்ப்பது கெர்னல் என்ற ஒரு சிறு மையப் புரோகிராம். அது ஒப்புக்கொண்டால் எழுதியது மனிதரா இயந்திரமா என்று கேட்காது. கேட்க வேண்டியது வேறு: நிரூபித்த கூற்று நாம் விரும்பிய கூற்றுதானா? ‘வெளியீடு ஏறுவரிசையில் இருக்க வேண்டும்’ என்று மட்டும் வரிசையாக்கத்துக்கு ஸ்பெசிஃபிகேஷன் (புரோகிராம் என்ன செய்ய வேண்டும் என்ற விவரம்) எழுதினால், எப்போதும் காலி வரிசையைத் தரும் புரோகிராமும் அதில் தேறிவிடும். உள்ளீட்டின் உறுப்புகளே, அதே எண்ணிக்கையில், வெளியீட்டிலும் இருக்க வேண்டும் என்ற வரி விட்டுப்போனது. ஸ்பெசிஃபிகேஷனைச் சோதிக்கும் முறைகள், இன்வேரியன்ட்டைத் தானாகத் தேடுவது, உடைந்த நிரூபணத்தைக் கோடு மாறும்போது ஒட்டுவது ஆகிய மூன்றிலும் இப்போது வேலை குவிந்து கிடக்கிறது.

கேள்வி: பிஎச்.டி. முடியும் தறுவாய். பேராசிரியர் வேலைக்கு எப்போது, எப்படி விண்ணப்பிப்பது? கம்பெனிக்குப் போனால் திரும்ப முடியாதா?

பதில்: நாட்டுக்கு நாடு காலண்டர் வேறு. அமெரிக்காவில் விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில், நேர்காணல் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. வேலையில் சேர்ந்தபின் ஆறாம் ஆண்டு வாக்கில் டென்யூர் (நிரந்தரப் பணி) முடிவு. பிரான்ஸில் சி.என்.ஆர்.எஸ்., இன்ரியா என்ற அரசு ஆய்வு நிறுவனங்கள் இரண்டிலும் ஆண்டுக்கு ஒரு தேசியப் போட்டி, அதில் வென்றால் நிரந்தர ஆய்வாளர் பதவி. ஜெர்மனியில் தற்காலிக ஒப்பந்தத்துக்குச் சட்டமே எல்லை போட்டிருக்கிறது: பொதுவாக பிஎச்.டி.க்கு முன் 6, பின் 6 ஆண்டு. போஸ்ட்டாக்கை (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) அங்கே நீட்டிக்கொண்டே போக முடியாது. பரிந்துரைக் கடிதம் எழுதுவோருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். மூவரில் ஒருவராவது உங்களோடு சேர்ந்து பேப்பர் எழுதாதவராக இருந்தால் கடிதத்துக்கு எடை கூடும்.

கம்பெனியிலிருந்து திரும்பலாம், பேப்பர் வந்துகொண்டிருந்தால். அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்ற இடங்களில் இந்தத் துறைக்கென்றே குழுக்கள் உண்டு. சேரும் முன் வெளியிட அனுமதி எப்படி என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர்காணல் உரை ஏறக்குறைய 50 நிமிடம். எதிரே இருப்பவர்களில் உங்கள் துறைக்காரர் ஒருவர் இருந்தாலே அதிர்ஷ்டம். முதல் பத்து நிமிடத்தை 15 வரிக்கு மிகாத ஒரே புரோகிராமுக்குக் கொடுங்கள். அதில் பிழை எங்கே, சோதனை அதை ஏன் தவறவிடும், உங்கள் முறை அதை எப்படிப் பிடிக்கும் என்று காட்டுங்கள். கிரேக்க எழுத்து நிறைந்த விதிப் பட்டியல் ஒரு ஸ்லைடு போதும், அதையும் படிக்காமல் ஒரே ஒரு விதியை மட்டும் விளக்குங்கள். ‘உங்கள் டூல் எங்கே தோற்கும்?’ என்று நிச்சயம் கேட்பார்கள். அதற்கான ஸ்லைடைத் தயாராகக் கடைசியில் வைத்துக்கொண்டு போங்கள்.